நெல்லிக்கானலுக்குக் குதிரைப் பாதை

டிசம்பர் 13

மூன்று நாள் மழை இன்று காலையில்தான் விட்டது. துணி ஒன்றும் காயவில்லை. இவருடைய வேட்டிகளை அடுப்படியில் கொடி கட்டிப் போட்டிருக்கிறேன். குடலிறக்க ஆபரேஷன் முடிந்து இன்றோடு பத்து நாள். மூன்று மாதம் கனம் தூக்கக்கூடாது, மேடு ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னதை இவர் எல்லா வேலைக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டுவிட்டார். தண்ணீர் டம்ளரைக்கூட நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன்.

பால்காரர் வந்து மலை ரோடு போய்விட்டது என்றார். ஏழாவது வளைவுக்கு மேலே பாதி ரோடு அப்படியே பள்ளத்தில் இறங்கிவிட்டதாம். இன்னும் கொஞ்சம் மேலே லாரி அளவுக்கு ஒரு பாறை நடு ரோட்டில் உட்கார்ந்திருக்கிறதாம். ஆள் சேதம் இல்லை. நெல்லிக்கானலுக்கு பஸ், ஜீப் எதுவும் போகாது. சரிசெய்ய இரண்டு மாதம் பிடிக்கும் என்கிறார்கள்.

உடனே அபிராமிக்குப் போன் போட்டேன். மாப்பிள்ளை குணபாலன் எடுத்தார். "ஒண்ணும் பயமில்ல அத்த. ஊருக்குள்ள எல்லாரும் நல்லா இருக்கோம். நர்சம்மாவும் இங்கயேதான் தங்கியிருக்காங்க" என்றார். அபிக்கு இது ஐந்தாம் மாதம். அவள் தூங்குகிறாளாம். பகல் பதினொரு மணிக்கு.

இவர்தான் மாதம் ஒரு தடவை பஸ்ஸில் போய் மகளைப் பார்த்துவிட்டு, ஒரு பை நிறைய பட்டர் ஃப்ரூட்டோடு வருவார். இனி அதுவும் இல்லை. கவலைப்பட வேண்டிய விஷயம். கவலையாகத்தான் இருந்தேன். ஆனால் சாயங்காலம் பாத்திரம் தேய்க்கும்போது நான் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்ததாக இவர் சொல்கிறார். எனக்கு ஞாபகம் இல்லை.

டிசம்பர் 16

நல்ல வெயில். துணி காய்ந்தது.

டிசம்பர் 22

அபி போன் செய்தாள். மாப்பிள்ளை வீட்டில் வளைகாப்புக்கு நாள் பார்த்துவிட்டார்கள். பிப்ரவரி ஐந்து, ஏழாம் மாதத்தில். "அம்மா வீட்டு வளையல்தான முதல்ல போடணும், அப்பாகிட்ட குடுத்து விடச் சொல்லலாம்னு இருந்தேன், இப்ப அப்பாவாலயும் வர முடியாது. மாமியார் போட்டுக்கிறேன்னு சொல்லிட்டாங்க. நீ சங்கடப்படாத" என்றாள்.

நான் வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் சொல்லிவிட்டாள்.

"ரோடு இருந்தப்பவே நீ வரல. இப்ப ரோடும் இல்ல. உனக்கு நல்லதாப் போச்சு."

வைத்துவிட்டாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் டீச்சர் வேலை கிடைத்து நெல்லிக்கானல் போன பெண், ஆறே மாதத்தில் அங்கேயே ஒருவரைக் கட்டிக்கொள்ளப்போவதாகச் சொன்னாள். "போயும் போயும் அந்த மலையிலயா?" என்று நான் கேட்டது உண்மை. அவள் காதில் அது "அந்த ஆளையா?" என்று விழுந்திருக்கிறது. கல்யாணம் மேலே முருகன் கோயிலில் நடந்தது. எனக்கு முழங்கால் வலி. போகவில்லை. அதற்குப் பிறகும் போகவில்லை. முழங்கால்.

டிசம்பர் 24

சந்தையில் மல்லித்தழை வாங்கிக்கொண்டிருந்தேன். தெருமுனையில் இரண்டு குதிரைகள் மேல் அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஏற்றியது ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டிருந்தாள். பெயர் வெள்ளைத்தாய். ரோடு போனதிலிருந்து வாரம் இரண்டு நடை நெல்லிக்கானலுக்குச் சாமான் கொண்டுபோகிறாளாம்.

"ரோடுதான் இல்லியே?" என்றேன்.

"ரோடு நேத்து வந்ததும்மா. குதிரைப் பாதை எங்க பூட்டன் காலத்துலருந்து கெடக்கு. பதிமூணு கிலோமீட்டரு. மாந்தோப்புல ஏறுனா நேரா பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி போயி நிக்கும்."

"அந்தப் பாதை மலை ரோட்டைத் தொடுமா?"

"எங்கயும் தொடாது. ஒரு எடத்துல நின்னா ரோடு தெரியும், அம்புட்டுத்தான்."

"என்னை மாதிரி ஆள் ஏற முடியுமா?"

அவள் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். செருப்பைக் கொஞ்ச நேரம் கூடுதலாகப் பார்த்தாள். "இன்னைக்கு முடியாது" என்றாள். "ஒரு மாசம் நடந்து பழகுனா முடியும். போஸ்டாபீஸ் அம்மாதான நீங்க? எங்கம்மாவுக்கு முதியோர் பென்சன் நீங்கதான் எண்ணிக் குடுப்பீங்க."

மல்லித்தழையைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

ஜனவரி 2

எதிர்வீட்டு ஜைத்தூன் ஹைஸ்கூல் மைதானத்தில் தினமும் காலையில் பத்துச் சுற்று நடக்கிறவள். நாற்பத்தெட்டு வயதுதான். அவளோடு போகிறேன். முதல் நாள் நாலு சுற்று. இன்று ஒன்பது. விஷயத்தைச் சொன்னதும் நடையை நிறுத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நானும் வர்றேன். எனக்கும் வளையல் உண்டுல்ல?"

வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்ற வைத்தபோது இவர் கட்டிலிலிருந்தே கேட்டார். "முழங்கால் எப்படி இருக்கு?"

"பரவாயில்ல" என்றேன்.

அவர் பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். அவர் சிரித்தாரா இல்லையா தெரியாது. இத்தனை வருஷமும் அபியிடம் எனக்காக முழங்கால் வலி சொன்னது அவர்தான். ஒருநாளும் என்னை ஏன் என்று கேட்டதில்லை. கேட்கத் தேவையும் இல்லை.

ஜனவரி 9

வனத்துறை அலுவலகத்தில் கடிதம் கொடுத்தேன். நாலு பெண்கள், இரண்டு குதிரை, பிப்ரவரி மூன்றாம் தேதி, காரணம்: மகளுக்கு வளைகாப்பு. அங்கே இருந்த இளம் அதிகாரி இரண்டு தடவை படித்தார். "இதுவரைக்கும் இப்படி ஒரு காரணம் வந்ததில்ல மேடம்" என்று சொல்லிவிட்டு, ஆறு மணிக்கு முன்னால் காட்டுக்குள் நுழையக்கூடாது, மூன்று மணிக்குள் மேலே சேர்ந்துவிட வேண்டும், தீ மூட்டக்கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மேலே காலை நேரத்தில் உறைபனி விழுகிறதாம், ஸ்வெட்டர் கட்டாயம் என்றார்.

நாலாவது ஆள் கோமதி மதினி. இவருடைய அக்கா. அறுபத்திரண்டு வயது. வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். "அத்தைக்காரி இல்லாம வளைகாப்பா? அதெப்படி?" என்று சண்டைக்கு வந்துவிட்டார்.

ஜனவரி 14

பொங்கல். பால் கிழக்கே பொங்கியது. அபியிடம் எல்லோரும் பேசினோம். நான் வரப்போவதை இன்னும் சொல்லவில்லை. சொல்லிவிட்டுப் போக முடியாமல் ஆகிவிட்டால்?

ஜனவரி 19

ஊருக்கு மேற்கே இருக்கும் கரட்டுக் குன்றில் இருநூற்று எண்பது படி. மதினியும் ஜைத்தூனும் நானும் ஏறினோம். கான்வாஸ் ஷூ குதிகாலில் கடிக்கிறது. மதினி ஒவ்வொரு இருபது படிக்கும் உட்கார்ந்து, "இதுக்குத்தான் அந்தக் காலத்துல பொண்ண உள்ளூர்ல குடுத்தாங்க" என்றார். ஆனால் உச்சிக்கு முதலில் போனது மதினிதான்.

மேலே நின்றால் காற்று நன்றாக இருந்தது. பள்ளத்தைப் பார்த்தேன். ஒன்றும் செய்யவில்லை. தலை சுற்றவில்லை, கை வேர்க்கவில்லை. அப்படியென்றால் என் பயம் உயரத்துக்கு இல்லை. இது எனக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். கால் இரண்டும் தூண் மாதிரி கனக்கிறது.

ஜனவரி 24

மதினி மூச்சு வாங்க ஓடிவந்தார். ரோடு வேலை முடியப் போகிறதாம். பிப்ரவரி ஒன்றாம் தேதி முதல் சின்ன வண்டிகளை விடப்போகிறார்களாம். "முருகன் கண்ணத் தொறந்துட்டான் தமயந்தி! ஒரு வேனைப் பிடிச்சா ரெண்டு மணி நேரம். பலகாரம் எல்லாம் கீழயே செஞ்சு ஏத்திரலாம்." தெரிந்த வேன்காரருக்கு அங்கிருந்தே போன் போட்டுச் சொல்லிவிட்டார்.

நல்ல செய்திதான். எனக்கு மத்தியானத்திலிருந்து காய்ச்சல் அடிக்கிறது. சாப்பிடவில்லை. இவர் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "சுடவே இல்லியே" என்றார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். தண்ணீர் டம்ளரை அவரே எடுத்துவந்தார்.

ஜனவரி 25

ஒரு பொய் சொல்லிவிட்டேன். நெல்லிக்கானல் முருகனுக்கு நடந்தே வருவதாக நேர்ந்துகொண்டிருக்கிறேன், அதனால் ரோடு திறந்தாலும் நடந்துதான் வருவேன் என்று மதினியிடம் சொன்னேன். அப்படி ஒரு வேண்டுதலும் இல்லை. அரசாங்க உத்தியோகத்தில் முப்பத்தைந்து வருஷம் ஒரு பொய்க் கையெழுத்துப் போடாதவள், சாமி பெயரைச் சொல்லி இதைச் செய்தேன்.

மதினி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன? வேண்டுதல்னா யாரு தடுக்க முடியும்?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "உன்னத் தனியா விட்டுட்டு நான் வேன்ல போனா எனக்குத்தான் பாவம். நானும் நடக்கிறேன்" என்றார்.

இப்போது அறுபத்திரண்டு வயதுக்காரரை என் பொய்க்காக மலை ஏற்றுகிறேன்.

ஜனவரி 29

ரோடு திறக்கவில்லை. அந்தப் பெரிய பாறையை உடைக்கும்போது மேலே இன்னொரு பாறை ஆடியதாம். இன்னும் பத்துப் பதினைந்து நாள் ஆகும். மதினி என்னைப் பார்த்துக் கும்பிடாத குறை. "உன் வேண்டுதலை அவரு வாங்காம விடமாட்டாரு போல."

ஜைத்தூன் மட்டும் மைதானத்தில் நடக்கும்போது கேட்டாள். "அக்கா, நீங்க வேன்ல மலை ஏறி நான் பாத்ததே இல்ல."

"ஆமா" என்றேன்.

பத்துச் சுற்றை முடித்துவிட்டு இன்னும் இரண்டு சுற்று நடந்தோம்.

பிப்ரவரி 2

புளிக்காய்ச்சல் செய்து ஆற வைத்து டப்பாவில் போட்டேன். வளையல் நூற்றெட்டு. பச்சையும் சிவப்பும். பழைய நூல் சேலையைக் கிழித்து வரிசை வரிசையாகச் சுற்றித் தகரப் பெட்டியில் அடுக்கினேன். பெட்டியைக் குலுக்கிப் பார்த்தேன். சத்தம் வரவில்லை.

அபிக்கு இன்று சொன்னேன். "நாளைக்கு வர்றேன். நடந்து."

லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். "ஸ்வெட்டர் எடுத்துக்கம்மா" என்றாள்.

பிப்ரவரி 3

நெல்லிக்கானலில் இருந்து எழுதுகிறேன். கை விரல் மடங்க மறுக்கிறது. குளிர் அப்படி. ஆனால் இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

காலை ஆறு மணிக்கு மாந்தோப்பு. இவர் ஆட்டோவில் வந்து வழியனுப்பினார். வெள்ளைத்தாய் தகரப் பெட்டியைத் தன் கையாலேயே குதிரைமேல் கட்டினாள். எங்களிடம் ஒன்றே ஒன்று சொன்னாள். "பேசுறதெல்லாம் ஒக்காந்து பேசிக்கங்க. நடக்குறப்ப மூச்ச மட்டும் விடுங்க." இது மதினிக்காகச் சொன்னது.

முதல் ஒரு மணி நேரம் ஓடையை ஒட்டிய நடை. தண்ணீர் கணுக்கால் அளவுதான், ஆனால் ஐஸ். பிறகு மூங்கில் காடு. கல் பாவிய பாதை அங்கங்கே பெயர்ந்து கிடந்தது. எட்டு மணிக்கு இட்லியும் மிளகாய்ப்பொடியும் சாப்பிட்டோம்.

மூங்கில் முடியும் இடத்தில் முன்னால் போன குதிரை நின்றுவிட்டது. காதை விறைத்துக்கொண்டது. வெள்ளைத்தாய் கையைத் தூக்கினாள். பாதையில் முப்பது அடி தள்ளி ஒரு காட்டுமாடு. அதன் முதுகு என் தலைக்கு மேல் இருக்கும். கால் நாலும் வெள்ளைச் சாக்ஸ் போட்ட மாதிரி. எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றது. நாங்களும் நின்றோம். ஜைத்தூன் உதடு மட்டும் ஓதிக்கொண்டிருந்தது. மதினி என் முந்தானையைப் பிடித்திருந்தார். மேலே மூன்று மணிக்குள் சேர வேண்டும். நாற்பது நிமிஷம் அப்படியே போனது. கடைசியில் அது தும்மியது, மனுஷர் தும்முவது மாதிரியே. சரிவில் இறங்கிப் போய்விட்டது.

"தும்முச்சு" என்றார் மதினி. இன்று காலையிலிருந்து அவர் பேசிய முதல் சொல். எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வெள்ளைத்தாய்கூடச் சிரித்தாள்.

அதற்குப் பிறகு ஏற்றம். செங்குத்து. பதினொரு மணி வாக்கில் ஒரு பெரிய பாறைக்கு வந்தோம். எதிர்மலை முழுக்கத் தெரிந்தது. ரோடு அதில் கோடு கிழித்த மாதிரி வளைந்து வளைந்து ஏறியது. ஏழாவது வளைவுக்கு மேலே செம்மண் காயம். அங்கே ஒரு மஞ்சள் இயந்திரம் எறும்பு மாதிரி நகர்ந்துகொண்டிருந்தது. மதினி விரலை நீட்டி வளைவுகளை எண்ணினார். நானும் எண்ணினேன். ஐந்தாவது வளைவில் மட்டும் கைப்பிடிச் சுவர் ஒரு பத்தடி தூரம் வேறு நிறத்தில் இருந்தது. புதுச் சுவர். புதுசு என்றாலும் பதினான்கு வருஷம் ஆகிறது.

உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

"என்னம்மா, கிறுகிறுன்னு வருதா?" என்று வெள்ளைத்தாய் கேட்டது எங்கோ தூரத்தில் கேட்டது. ஜைத்தூன் வந்து என் தோளைப் பிடித்து ரோட்டுக்கு முதுகு காட்டித் திருப்பி உட்கார வைத்தாள். பேரீச்சம்பழம் ஒன்றை வாயில் வைத்தாள். "இந்தப் பக்கம் பாருங்கக்கா. நாம வந்த வழி" என்றாள். கீழே மாந்தோப்பு பச்சைத் துணி விரித்த மாதிரி கிடந்தது. அதிலிருந்து இவ்வளவு தூரம் நான் என் காலால் ஏறியிருந்தேன். எழுந்தேன்.

கடைசி இரண்டு கிலோமீட்டர் ஞாபகமே இல்லை. மாப்பிள்ளை பாதிவழி இறங்கி வந்து மதினியின் பையை வாங்கிக்கொண்டார். கம்பளிக் குல்லாயோடு அவரைப் பார்த்தபோது சின்னப் பையன் மாதிரி தெரிந்தார். "வாங்கத்த" என்றார்.

இரண்டரை மணி. பள்ளிக்கூடத்து மைதான ஓரத்தில் அபி நின்றிருந்தாள். வயிறு நன்றாகத் தெரிந்தது. ஸ்வெட்டர் பொத்தானில் கடைசி இரண்டும் போட முடியவில்லை அவளுக்கு. நான் பக்கத்தில் போனதும் முதலில் என் காலைத்தான் பார்த்தாள்.

"முழங்கால்?"

"வலிக்குது" என்றேன். "இன்னைக்குத்தான் நெசமா வலிக்குது."

பிப்ரவரி 4

காலையில் கதவைத் திறந்தால் புல்லெல்லாம் வெள்ளை. வாளித் தண்ணீர்மேல் கண்ணாடி மாதிரி ஒரு ஏடு. மதினி அதை விரலால் உடைத்துப் பார்த்துவிட்டுக் குழந்தை மாதிரி எங்களைக் கூப்பிட்டார்.

அபியும் நானும் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். அவள்தான் ஆரம்பித்தாள். "இன்னைக்குத்தான் நெசமான்னா, அப்ப இத்தன நாளு?"

சொன்னேன். ஆபீஸ் ஆட்கள் பதினோரு பேர் வேன் எடுத்து நெல்லிக்கானல் அருவி பார்க்கப் போனது. இறங்கும்போது பிரேக் பிடிக்காமல் போனது. ஐந்தாவது வளைவு. சுவரை உடைத்துக்கொண்டு போய் ஒரு மரத்தில் வண்டி தொங்கியது. மேலே இருந்து கயிறு விட்டு எங்களை எடுக்கிறவரை ஒரு மணி நேரம் பரிபூரணம் என் கையைப் பிடித்திருந்தாள். பக்கத்து மேஜை. பதினெட்டு வருஷம் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டோம். எடுத்தபோது அவளுக்கு உயிர் இல்லை, கை மட்டும்தான் என்னைப் பிடித்திருந்தது. இவ்வளவையும் நான் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. இவரிடம்கூட. இந்த நோட்டில்கூட.

"எனக்கு நெத்தியில கட்டுப் போட்டுட்டு வந்தது மட்டுந்தான் ஞாபகம் இருக்கு" என்றாள் அபி. "சின்னக் காயம்னு சொன்ன. ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"நீ பத்தாவது பரிட்சைக்குப் படிச்சுக்கிட்டு இருந்த."

"அதுக்கப்புறம் பதினாலு வருசம் இருந்துச்சேம்மா."

அடுப்பில் விறகைத் தள்ளினேன்.

"நான் அவர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன், எங்கம்மாவுக்கு உங்களப் பிடிக்கல, மனசுல வச்சுக்காதீங்கன்னு."

"அதுக்கு மாப்பிள்ளை என்ன சொன்னாரு?"

"அத்தைக்கு பட்டர் ஃப்ரூட் பிடிக்குமான்னு கேட்டாரு."

இரண்டு பேரும் அழுதோம். பிறகு சிரித்தோம். காபி பொங்கி அடுப்பில் வழிந்துவிட்டது.

பிப்ரவரி 5

வளைகாப்பு நன்றாக நடந்தது. பெட்டியில் இரண்டே வளையல்தான் உடைந்திருந்தது. மதினி முதலில் சந்தனம் வைத்தார். ஐந்து வகைச் சாதம். என் புளிக்காய்ச்சல் போதவில்லை. ஜைத்தூனுக்கு இரண்டு கை நிறையப் போட்டு விட்டாள் அபி.

வந்திருந்த ஒரு அம்மாள் என்னைக் காட்டிச் சம்பந்தியம்மாளிடம், "இவங்கதான் வராத அம்மாவா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. சம்பந்தியம்மாள் சட்டென்று சொன்னார். "வராத அம்மா என்ன? மாந்தோப்புல இருந்து நடந்தே வந்த அம்மா."

மத்தியானம் முருகன் கோயிலுக்குப் போனேன். பொய்யாக நேர்ந்துகொண்டதற்கு மன்னிப்புக் கேட்டேன். நடந்தும் வந்துவிட்டதால் கணக்கு எப்படி என்று அவருக்கே வெளிச்சம்.

பிப்ரவரி 7

மதினியும் ஜைத்தூனும் வெள்ளைத்தாயோடு இறங்கினார்கள். நான் இருக்கிறேன். அபிக்கு பிரஷர் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறதாம். பிரசவம் கீழே பெரிய ஆஸ்பத்திரியில்தான் ஆக வேண்டும், எட்டாம் மாதம் பிறப்பதற்குள் இறங்கிவிடுவது நல்லது, நடக்கவோ குதிரைமேல் உட்காரவோ கூடாது, வண்டி மெதுவாகப் போனால் பரவாயில்லை என்று நர்ஸ் சொல்லியிருக்கிறார். எல்லாம் ரோட்டின் கையில்.

பிப்ரவரி 11

ரோடு திறந்துவிட்டது. ஜீப் மட்டும். சரிந்த இடத்தில் எல்லோரும் இறங்கி நடந்து தாண்ட வேண்டும். அதற்கு அந்தப் பக்கம் வேறு ஜீப் நிற்கும். வியாழக்கிழமை போகலாம் என்று முடிவாயிற்று.

அபி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நீ வெள்ளத்தாயிகூட குதிரைப் பாதையில இறங்கிரும்மா. நான் அவர்கூட ஜீப்ல வர்றேன். கீழ பாத்துக்கலாம். யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க."

சரி என்றேன். பெரிய நிம்மதி.

பிப்ரவரி 12

நிம்மதிதான். ஆனால் சோறு இறங்கவில்லை.

பிப்ரவரி 13

எட்டு மணிக்கு ஜீப் வந்தது. வெள்ளைத்தாயும் குதிரைகளோடு வந்துவிட்டாள். என் பையை எடுத்துக் குதிரைமேல் கட்டினாள். நான் அபியை வண்டியில் ஏற்றிவிடப் போனேன். தலையணை இரண்டு வைத்து வசதியாகத்தான் உட்கார்ந்தாள். மாப்பிள்ளை பின்னால் சாமான்களோடு. டிரைவர் சேவியர் வண்டியைக் கிளப்பினார்.

அபி முன்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டாள். விரல் முட்டியெல்லாம் வெளுத்திருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். முதல் நாள் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்தபோது சிரித்தது. பயத்தைச் சொல்லாமல் இருக்கிறது எங்கிருந்து அவளுக்கு வந்தது என்றும் தெரியும்.

ஏறிவிட்டேன். ஏன் ஏறினேன் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. தைரியம் வந்து ஏறவில்லை.

"அம்மா, ஓம் பை குதிரையில இருக்கு" என்றாள் அபி.

"அது நடந்து வரட்டும்" என்றேன்.

சேவியர் திரும்பிப் பார்த்தார். மாப்பிள்ளை சொல்லியிருக்க வேண்டும். "சைக்கிள் வேகத்துலதான் போவேன்மா. நிறுத்தணும்னா தோள்ல தட்டுங்க, போதும்."

கண்ணை மூடிக்கொண்டேன். அபி என் கையைத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு, வகுப்பில் எண் சொல்லிக் கொடுக்கிற குரலில் வளைவுகளை எண்ண ஆரம்பித்தாள். "பதினாலு முடிஞ்சுது. பதிமூணு வருது, வருது, முடிஞ்சுது." பதினொன்றில் தோளைத் தட்டினேன். இறங்கி வாந்தி எடுத்தேன். வாய் கொப்பளித்துவிட்டு ஏறினேன். ஒன்பதில் இன்னொரு தடவை. சேவியர் டயருக்குக் கல் வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

சரிந்த இடத்தில் இருநூறு அடி நடை. புது மண், சிவப்பு, ஈரம். ரோடு போடுகிற பெண்கள் கையிலிருந்த சட்டியைக் கீழே வைத்துவிட்டு, அபி தாண்டுகிறவரை ஓரத்தில் வரிசையாக நின்றார்கள். ஒருத்தி அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள். "எத்தன மாசம் தாயி?" என்று கேட்டாள். அந்தப் பக்கம் நின்ற ஜீப்பில் மறுபடி ஏற வேண்டும். முதல் தடவையைவிட அதுதான் கஷ்டமாக இருந்தது. ஏறினேன்.

"ஆறு முடிஞ்சுது" என்றாள் அபி. அடுத்த எண்ணை அவள் சொல்லவில்லை.

கண்ணைத் திறந்தேன். சுவர்மேல் ஐந்தாறு குரங்குகள் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. ஒன்று இன்னொன்றுக்குப் பேன் பார்த்தது. சுவருக்கு அந்தப் பக்கம் மரங்கள். எது அந்த மரம் என்று தெரியவில்லை. எல்லாம் வளர்ந்துவிட்டன. பரிபூரணம் என்று ஒரு தடவை சத்தமாகச் சொன்னேன். வண்டி திரும்பிவிட்டது.

"அஞ்சு முடிஞ்சுதும்மா" என்றாள்.

மிச்சம் நாலையும் நான்தான் எண்ணினேன்.

எங்கள் ஊர் மாங்கரைப்பட்டி வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டே கால். இவர் வாசலில் நின்றிருந்தார். ஜீப்பிலிருந்து முதலில் நான் இறங்குவதைப் பார்த்தார். அபிக்கு ஆரத்தி எடுக்க வேண்டும் என்று மதினி தட்டோடு நிற்கிறார், இவர் அப்படியே அசையாமல் நிற்கிறார். "வழிய விடுங்க" என்று சொல்லித்தான் நகர்த்த வேண்டியிருந்தது.

பிப்ரவரி 17

டாக்டர் பார்த்தார். பிரஷர் பரவாயில்லை, உப்பைக் குறைக்க வேண்டும். குழந்தை நன்றாக இருக்கிறது. தலை கீழே திரும்ப இன்னும் நாள் இருக்கிறதாம்.

தோசைக்கு ஊறப் போட்டேன். இவர் இப்போது தண்ணீர் டம்ளரை அவரே எடுத்துக்கொள்வது மட்டுமில்லை, அபிக்கும் எடுத்துக் கொடுக்கிறார். மாப்பிள்ளை நாளை மறுநாள் மேலே போகிறார். தோட்டத்தில் காபிப் பழம் பறிப்பு நிற்கிறது.

மத்தியானம் அபிக்குத் தலை பின்னி விட்டேன். மூன்றாம் மாதம் குழந்தையைக் கொண்டுபோய் விடும்போது நானும் வருகிறேன், ஒரு மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்றேன்.

"ஜீப்லயா, நடந்தா?" என்று கேட்டாள்.

"அன்னைக்குக் காலைல எந்திரிச்சுச் சொல்றேன்" என்றேன்.

அவள் தலையை ஆட்டாமல் சிரித்தாள். பின்னல் கலையவில்லை.